அடையாளம் கிடைத்தும் பயம் போகவில்லை

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு ஸ்தோத்திரம்.

தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். வயது 41. பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது. அவர் கண்ணை மூடுவதற்குள் கல்யாணத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று அவசரமாக முடித்துவைத்தார்கள். படிப்பு அதோடு நின்றுபோனது. வீட்டுக்காரர் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். மகள் இந்த வருஷம் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். மகன் ஒன்பதாம் வகுப்பு.

சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இருக்கிறேன். ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். சங்கத்துச் சகோதரிகள் சேர்ந்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளிகளுக்காக ஜெபித்துவிட்டு வருவோம். ஒருநாள் பெண்கள் வார்டில் ஜெபம் முடிந்து எல்லாரும் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்த பிறகும் ஒரு பெண் என் கையை விடவில்லை. மணிக்கட்டில் கண்ணாடி வளையல் உடைந்து குத்திய காயம், அதைச் சுற்றி விரல் பதிந்த கன்றல். “மாடிப்படில விழுந்துட்டேன்னு டாக்டர்கிட்ட சொல்லியிருக்கேன்க்கா” என்று மட்டும் சொன்னாள். எனக்கு ஜெபிக்கத் தெரிந்தது. அவளிடம் அடுத்து என்ன கேட்பது, யாரிடம் கூட்டிப்போவது என்று தெரியவில்லை. சமூகப்பணி படிக்க வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்கு வந்ததுதான், இன்னும் என்னை விடவில்லை. இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) பி.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணிப் பட்டப்படிப்பு இருக்கிறது என்று மகளின் போனில் பார்த்து வைத்திருக்கிறேன்.

ஆனால் தேவசித்தம் தெரியாமல் காலெடுத்து வைக்க முடியவில்லை. புதுவருஷ ஆராதனையில் நான் எடுத்த வாக்குத்தத்த அட்டையில், “நான் உனக்குப் போதித்து, நீ நடக்கவேண்டிய வழியை உனக்குக் காட்டுவேன்” என்று சங்கீதம் 32:8 வந்தது. அன்றைக்கு அழுதுவிட்டேன். அப்புறம், எல்லாருக்கும் பொதுவாக அச்சடித்த அட்டைதானே என்று தோன்றிவிட்டது. உபவாசம் இருந்து இன்னொரு அடையாளம் கேட்டேன்: வீட்டுக்காரரே படிப்புப் பேச்சை எடுக்க வேண்டும் என்று. அந்த வாரமே, சொந்தத்தில் ஒரு பெண் கல்யாணத்துக்குப் பிறகு படிக்கிறாள் என்று அவராகவே சொன்னார். அதுவும் தற்செயல்தானோ என்று மனது சொல்கிறது. என்னைப் பற்றிக் கேட்டால், “உன் இஷ்டம்” என்கிறார். மாமியார், “பேரன் பேத்தி எடுக்கிற வயசுல புத்தகப் பையா?” என்கிறார். சபைப் பெரியவர் ஒருவர், “ஊழியத்துக்கு அபிஷேகம் போதும், பட்டம் எதுக்கும்மா?” என்றார். நடு ராத்திரியில் விழிப்பு வருகிறது. பரீட்சை ஹாலில் கேள்வித்தாளைத் திருப்பினால் எழுத்தே இல்லாதது மாதிரி கனவு.

இது தேவன் கொடுத்த வாஞ்சையா, என் சுய இஷ்டமா? எப்படித் தெரிந்துகொள்வது?

— ஒரு சகோதரி

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் வீட்டுக்காரர் சொன்னது, மாமியார் சொன்னது, பெரியவர் சொன்னது எல்லாம் இருக்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பது அந்த வார்டில்தான் இருக்கிறது. அந்தப் பெண்ணின் மணிக்கட்டைக்கூட நீங்கள் மறக்கவில்லை. சுய இஷ்டமா என்று கேட்டீர்கள். இன்னொருத்தியின் காயத்தைப் பார்த்துப் பிறந்த ஆசை அது. அதோடு, படிப்பு உங்களுக்கே பிடித்திருந்தால் அதில் பாவம் ஒன்றும் இல்லை. ஆசை என்றாலே சந்தேகப்பட வேண்டும் என்று நம் பெண்களுக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லி வளர்த்துவிட்டோம். எனக்கு அதில் ரொம்ப வருத்தம் உண்டு.

அடையாளத்துக்கு வருகிறேன். ஒன்று கேட்காமலே வந்தது, இன்னொன்று கேட்டு வந்தது. இரண்டையும் உங்கள் மனம் தள்ளிவிட்டது. மூன்றாவது வந்தாலும் இதுதான் நடக்கும். அடையாளத்தை எடைபோடுவது உங்கள் பயம். முடிவைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு தடவையும் அன்றைக்கு மனதுக்கு ஒரு நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதிக்கு மனம் பழகி, அடுத்த தடவையும் தள்ளிப்போடவே சொல்கிறது. பதற்றத்தைப் பற்றி உளவியலில் நன்றாகத் தெரிந்த விஷயம் இது. உங்கள் ஜெபத்தில் குறை இல்லை. ஆனால் பயம் ஜெபத்தின் பின்னால் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிட்டது.

கிதியோன் கதையை ஓய்வுநாள் பள்ளியில் நீங்களே எடுத்திருப்பீர்கள். நியாயாதிபதிகள் 6-ஆம் அதிகாரத்தில், போருக்குப் போகும் முன் கிதியோன் கர்த்தரிடம் அடையாளம் கேட்கிறார்: களத்தில் போட்ட ஆட்டுத்தோல் மட்டும் பனியில் நனைந்து, தரை காய்ந்திருக்க வேண்டும் என்று. தோலைப் பிழிந்தபோது கிண்ணம் நிறையத் தண்ணீர் வந்தது. மறுநாள் மாற்றிக் கேட்டார், அதுவும் அப்படியே நடந்தது. நாம் பெரும்பாலும் அங்கேயே கதையை முடித்துவிடுகிறோம். 7-ஆம் அதிகாரம் 10-ஆம் வசனத்தைப் பாருங்கள். போகப் பயமாயிருந்தால் உன் வேலைக்காரன் பூராவைக் கூட்டிக்கொண்டு எதிரிகளின் பாளயத்துக்குப் போ, அவர்கள் பேசுவதைக் கேள் என்கிறார் கர்த்தர். கிதியோன் பூராவைக் கூட்டிக்கொண்டுதான் போகிறார். இத்தனை அடையாளத்துக்குப் பிறகும் பயம் இருந்திருக்கிறது. கர்த்தர் அதற்குக் கோபிக்கவில்லை. துணைக்கு ஓர் ஆளையும், போய்க் கேட்டுவிட்டு வரும் அளவுக்கு ஒரு வேலையையும் கொடுக்கிறார். அதன் பிறகுதான் கிதியோனின் கைகள் திடப்படுகின்றன.

உங்கள் பூரா உங்கள் மகள். அவளோடு உட்கார்ந்து இக்னோவின் மண்டல மையத்துக்குப் போன் செய்யுங்கள். பி.எஸ்.டபிள்யூ.வுக்கு உங்களுக்குப் பக்கத்தில் கல்வி மையம் எங்கே இருக்கிறது, களப்பணி எங்கே, எத்தனை நாள் என்று கேளுங்கள். முடிந்தால் ஒரு வகுப்பு நாளில் இருவரும் போய், படிக்க வந்திருப்பவர்களிடம் பேசிவிட்டு வாருங்கள். சேர வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்ய வேண்டாம். இக்னோவில் ஜனவரி, ஜூலை என்று வருஷத்துக்கு இரண்டு சேர்க்கை. உச்ச வயது வரம்பு இல்லை. மூன்று வருஷப் படிப்பை ஆறு வருஷம் வரை எடுத்து முடிக்கலாம். தமிழ் வழியில் படிப்பதுதான் சுலபம் என்றால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் என்னென்ன இருக்கிறது என்றும் விசாரியுங்கள். எங்கே சேர்ந்தாலும் பணம் கட்டும் முன் அந்தப் படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி கொடுத்திருக்கிறதா என்று அவர்கள் இணையதளத்தில் பாருங்கள். ஊழியக்காரர்களைக் குறிவைத்துச் சில மாதங்களில் பட்டம் தருகிறோம் என்று வரும் விளம்பரங்களிடம் ஜாக்கிரதை.

வீட்டுக்காரரின் “உன் இஷ்டம்” சம்மதமா, ஒதுங்கலா என்று தெரியவில்லை. பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். குறிப்பாகக் கேளுங்கள்: பரீட்சை மாதத்தில் ராத்திரிச் சமையலை யார் பார்ப்பது? மகள் ஃபீஸும் என் ஃபீஸும் ஒரே சமயத்தில் வந்தால் என்ன செய்வோம்? களப்பணி நாளில் மகன் பள்ளிவிட்டு வரும்போது வீட்டில் யார் இருப்பார்கள்? கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று லூக்கா 14-இல் இயேசு சொன்னதும் இதுதானே. கணக்குப் பார்த்து, இந்த வருஷம் முடியாது என்று தெரிந்தால் அடுத்த சேர்க்கையில் சேருங்கள். அது தேதி போட்டுத் தள்ளிவைப்பது. பயத்தால் தள்ளிப்போடுவதோடு அதைச் சேர்க்க வேண்டாம்.

அந்தப் பெரியவரோடு வாதாட வேண்டாம். பவுல் யூத வேதபண்டிதர் கமாலியேலின் பாதத்தருகே படித்தவர், லூக்கா வைத்தியர். ஆஸ்பத்திரி வார்டில் அபிஷேகமும் வேண்டும், அடிபட்ட பெண்ணை எங்கே அனுப்புவது என்ற அறிவும் வேண்டும். (அதற்குப் பட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பெண்களுக்கான உதவி எண் 181. குழந்தைகளுக்கு 1098. அடுத்த தடவை போகும்போது கையோடு வைத்திருங்கள்.)

இந்த வயதில் மண்டையில் ஏறுமா என்ற கேள்விதான் அந்தக் கனவாக வருகிறது என்று நினைக்கிறேன். வயது ஏற ஏறப் படிக்கும் வேகம் கொஞ்சம் குறையும், உண்மைதான். ஆனால் சொல்வளமும், படித்ததை அனுபவத்தோடு பொருத்திப் புரிந்துகொள்ளும் திறனும் நடுவயதில் நன்றாகவே இருக்கும். சமூகப்பணிக்கு அதுதான் முக்கியம். எப்படிப் படிப்பது என்பதும் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். மனன வசனத்தைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கிறீர்கள்? வேதத்தை மூடச் சொல்லி, பார்க்காமல் சொல்ல வைத்து, அடுத்த ஞாயிறு திரும்பக் கேட்கிறீர்கள். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, மூடிவைத்து நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது ஒரு வாரம் கழித்தும் நிற்கிறது என்று ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006-இல் மாணவர்களை வைத்துச் சோதித்துக் காட்டினார்கள். ராத்திரி பாத்திரம் கழுவும்போது, காலையில் படித்த பகுதியை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எது வரவில்லையோ அதை மட்டும் போய்ப் பாருங்கள்.

தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மண்டல மையத்துக்குப் பேசி, வீட்டுக்காரரோடும் உட்கார்ந்து பேசிய பிறகு ராத்திரி விழிப்பு தானாகக் குறையலாம். குறையாமல் வாரக்கணக்கில் நீடித்தால், பகலில் எந்த வேலையிலும் மனது ஒட்டாமல் போனால், மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவில் காட்டுங்கள். அதுவரை பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். மகளிடம் இன்னும் சொல்லவில்லை என்றால், இந்த வாரமே சொல்லிவிடுங்கள்.