பதிப்புரிமையும் பேச்சுரிமையும் மோதினால் எது விட்டுக்கொடுக்க வேண்டும்?

படைத்தவர் வீட்டில் உலை கொதிப்பதற்காக வந்தது பதிப்புரிமை. அதை வைத்துப் பிறர் வாயை அடைக்கப் பார்த்தால் அந்த இடத்தில் பதிப்புரிமைதான் விட்டுக்கொடுக்க வேண்டும். காரைக்குடியில் இருக்கும் எனக்கு இது ஒரு சேலையால் புரிந்தது.

காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது; அதாவது இந்த ஊர்ச் சரக்குக்கு மட்டுமே அந்தப் பெயர் என்ற சட்டப் பாதுகாப்பு. வேறு ஊர் விசைத்தறித் துணியில் அந்தப் பெயரை ஒட்டி விற்றால் இங்குள்ள கைத்தறிக்காரர்களின் வயிற்றில் அடிப்பதாகும். ஒரு கடை அப்படித்தான் விற்றது. நானே ஒன்று வாங்கி, அப்பத்தாவின் பழைய கண்டாங்கியின் பக்கத்தில் விரித்துப் படம் பிடித்தேன். அப்பத்தா சேலையின் கரையோரத்தில், கைத்தறியில் துணியை விரித்துப் பிடித்த குச்சியின் ஊசித் துளைகள் பொடிப்பொடியாக இருந்தன. கடைச் சேலையின் ஓரத்தில் ஒரு துளைகூட இல்லை. 'கைத்தறி' என்று அந்தக் கடையே சொல்லும் விளம்பரத்திலிருந்து 15 விநாடி எடுத்துச் சேர்த்து, இணையத்தில் வீடியோவாக வெளியிட்டேன்.

மூன்றாம் நாள் வீடியோவைக் காணோம். நான் சொன்னது பொய் என்று கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த 15 விநாடி தன் சொத்து என்று மட்டும் புகார் கொடுத்திருந்தார். நான் பதில் எழுதி, வீடியோ திரும்பி வருவதற்குள் தீபாவளி வியாபாரம் முடிந்துவிட்டது.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, விமர்சனத்துக்காகப் பிறர் படைப்பை நியாயமான அளவில் எடுத்தாள இடம் தருகிறது. ஆனால் உரிமையாளர் எழுத்தில் புகார் கொடுத்தால் இணையத் தளம் 21 நாள் அந்தப் பதிவை நிறுத்திவைக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் அதன்பின் திறக்கலாம். பண்டிகை நேரத்தில் 21 நாள் என்பது எவ்வளவு என்று எந்த ஜவுளிக்கடையில் கேட்டாலும் சொல்வார்கள்.

இந்த ஊருக்கு இந்தச் சண்டை புதிதும் அல்ல. பாரதியார் பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை ஒரு காலத்தில் காரைக்குடிக்காரரான படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. இங்கிருந்த ஸ்டுடியோவில் அவர் எடுத்து 1947இல் வெளிவந்த 'நாம் இருவர்' படம் அந்தப் பாடல்களைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுபோனது. அடுத்து வேறொருவர் தம் படத்தில் பாரதி பாட்டைச் சேர்த்தபோது விவகாரம் வழக்கு வரை போனது. காசு கொடுத்து வாங்கியவருக்கு உரிமை இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? ஆனால் ஊரே பாடும் பாட்டுக்கு ஒருவரிடம் அனுமதி கேட்டு நிற்பதையும் தமிழ்நாடு பொறுக்கவில்லை. 1949இல் அன்றைய முதல்வர் ஓமந்தூராரின் அரசு உரிமையை வாங்கியது. செட்டியார் பணம் பெறாமலே தம் பங்கைக் கொடுத்தார். பாரதி குடும்பத்துக்குத் தொகை போனது. இன்று யார் வேண்டுமானாலும் பாரதியை அச்சிடலாம், பாடலாம். எழுத்தாளரின் வாரிசுக்குப் பணம் கொடுத்து நூலை எல்லோருக்கும் திறந்துவிடும் நாட்டுடைமை வழக்கம் அதன்பின் பலருக்கும் தொடர்ந்தது. இதைவிட நேர்மையான வழியை நான் பார்த்ததில்லை.

எல்லாவற்றையும் அரசு வாங்க முடியாதுதான். குறைந்தது, புகார் கொடுப்பவர் தமக்கு என்ன நட்டம் என்று எழுதட்டும். இது விமர்சனம் என்று மறுமுனையிலிருந்து பதில் வந்துவிட்டால், நீதிமன்றம் சொல்லும்வரை வீடியோ அங்கேயே இருக்கட்டும்.