620 காட்டிவிட்டு 400-லேயே தீர்ந்துபோகும் எஸ்யூவி

டேங்க் நிரப்பியதும் உங்கள் எஸ்யூவியின் டிஸ்ப்ளே இன்னும் 620 கி.மீ. ஓடும் என்று காட்டுகிறது, ஆனால் 400-லேயே எரிபொருள் தீர்ந்துவிடுகிறது என்கிறீர்கள். பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. அந்த எண் வெறும் கணிப்பு, சமீபத்தில் ஓட்டிய விதத்தை வைத்துப் போடுவது. நெடுஞ்சாலையில் ஓட்டிவந்து நிரப்பிவிட்டு மறுநாள் நெரிசலில் ஊர்ந்தால் மளமளவென்று இறங்கத்தான் செய்யும். சரி, உண்மையான மைலேஜ் தெரிய வேண்டுமா? பம்ப் தானாக நிற்கும்வரை (ஆட்டோ கட்) நிரப்பி ட்ரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்குங்கள், அடுத்த முறையும் அதேபோல் நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை அப்போது பிடித்த லிட்டரால் வகுங்கள். மூன்று தடவையாவது பாருங்கள். அப்புறம், கூரைமேல் காலி கேரியர் மாட்டியிருந்தால் அதை முதலில் கழற்றுங்கள். மணிக்கு 90 கி.மீ.-ல் போவதைவிட 120-ல் காற்றின் எதிர்ப்பு கிட்டத்தட்ட 1.8 மடங்கு, உயரமான வண்டியில் அது நேரே டேங்கில்தான் கைவைக்கும். டயர் காற்றை வண்டி ஆறியிருக்கும்போது பாருங்கள்.