கலர் தொங்கு விளக்கு: உங்க கேள்விகளுக்கு பதில்

தீபாவளிக்கு வீட்ட புதுசாக்குறீங்க போல, நம்ம தென்னாப்பிரிக்கா வாசகர்கள்கிட்டேர்ந்து இந்த தடவ வந்த கேள்வி பூராவும் அந்த 1950, 60கள் ஸ்டைல் கலர் லாம்ப் பத்திதான்.

ஆரஞ்சு லாம்ப் மாட்டினா லவுஞ்ச் முழுக்க ஆரஞ்சா தெரியுமா? (சாட்ஸ்வர்த்)

மெட்டல் ஷேடுன்னா (அதான் பல்ப சுத்தி இருக்கற மூடி) தெரியாது, ஏன்னா வெளிய அடிச்ச கலர் பகல்ல பாக்கத்தான், ராத்திரி ரூம் எப்படி இருக்கும்ங்கறது உள்பக்க பெயிண்ட் கைல இருக்கு, அதனால கடைல குனிஞ்சு உள்ள பாருங்க. 1958ல டென்மார்க் டிசைனர் பவுல் ஹென்னிங்சன் பண்ண பிஹெச் 5ங்கற தொங்கு லாம்ப் இருக்கே, 50 செ.மீ. அகலம், தட்டு தட்டா அடுக்கி இருக்கும், எங்க உக்காந்து பாத்தாலும் பல்பு கண்ண குத்தாது, உள்ளுக்குள்ள கொஞ்சூண்டு செவப்பும் நீலமும் வேற அடிச்சிருப்பாரு, நம்ம கண்ணு அந்த ரெண்டு கலரயும் கம்மியா வாங்கும்ங்கறதால. இன்னொரு டென்மார்க் டிசைனர் வெர்னர் பான்டனோட ஃப்ளவர்பாட் லாம்ப் (1968) இன்னும் சிம்பிள், மேல பெரிய அரைக்கோளம், கீழ பல்ப மறைக்க சின்னது ஒண்ணு. ஆரஞ்சு கண்ணாடி ஷேடு மட்டும் சாப்பாட்டு மேசைக்கு வேண்டவே வேண்டாம், புளிசாதமும் தயிர்சாதமும் ஒரே கலரா தெரியும்!

எவ்ளோ உயரத்துல தொங்க விடணும்? (ஃபீனிக்ஸ்)

சீலிங்லேர்ந்து அளக்காதீங்க, மேசைலேர்ந்து அளங்க, சுமார் 60 செ.மீ. ஒருத்தர் லாம்ப பிடிக்கட்டும், நீங்க எதிர்ல உக்காந்து பாருங்க, எதிர்ல இருக்கறவங்க மூஞ்சி மறையக்கூடாது. அதுக்கப்புறம் வயர வெட்டலாம்.

செகண்ட் ஹேண்ட்ல பழைய மெட்டல் லாம்ப் வாங்கினேன், ரெண்டு வயர்தான் இருக்கு, அப்படியே மாட்டலாமா அண்ணே? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

வேணாம்மா. இங்க ஓடுறது 230 வோல்ட், மெட்டல் பாடிக்கு எர்த் கட்டாயம். எலெக்ட்ரீஷியன வச்சு மூணு கோர் வயரும் (எர்த்தோட சேத்து மூணு கம்பி) புது ஹோல்டரும் போட்டுடுங்க, திருகு பல்பா பின் பல்பாங்கறதயும் அப்பவே முடிவு பண்ணிக்கலாம், நம்ம ஊர்ல ரெண்டுமே கிடைக்கும். மச்சான் பாத்துப்பாருன்னு விட்டுடாதீங்க, நாளைக்கு வீட்ட விக்கறப்ப சிஓசி, அதான் வயரிங் சரியா இருக்குன்னு தர்ற சர்டிஃபிகேட், கேப்பாங்க. அப்புறம் விளிம்ப நகத்தால சுரண்டி பாருங்க, டர்பன் பக்கம் கடல் காத்து பட்ட லாம்ப்னா பெயிண்டுக்கு அடில துரு உப்பியிருக்கும்.

லோட் ஷெடிங் (கரண்ட் கட்) வந்தா எரியற ரீசார்ஜ் பல்ப இதுல போடலாமா? (லெனேசியா)

கீழ நல்லா தொறந்த ஷேடுன்னா போடுங்க. மூடினதுல போட்டா சூட்டுல பேட்டரி சீக்கிரம் செத்துடும், அந்த பல்பு நீளமும் ஜாஸ்தி, மூக்க நீட்டிக்கிட்டு வெளிய தெரியும்.

சாமி ரூம்ல பச்ச லாம்ப்?

சாமி ஒண்ணும் சொல்லாது. உள்ள வெள்ளையா, பல்பு 2700 கெல்வினா (இளமஞ்சள் வெளிச்சம்) இருந்தா போதும், ஆனா காமாட்சி விளக்குக்கு நேர் மேல மட்டும் மாட்டாதீங்க, புகை படிஞ்சு மாசாமாசம் தொடச்சுகிட்டே இருக்கணும்.