இடைக்கால அரபுச் சமையலை மீட்பது என்றால் என்ன? பழைய குறிப்பைப் பார்த்துச் சமைத்தால் போதாதா?

பாக்தாத் கலீஃபாக்கள் காலத்துச் சமையல் நூல்களில் (10-ஆம் நூற்றாண்டில் அல்-வர்ராக் தொகுத்தது, 1226-இல் அல்-பக்தாதி எழுதியது) உள்ள பதார்த்தங்களை இன்றைய அடுப்பில், இன்றைய நாக்குக்கு ஏற்றபடி சமைப்பதுதான் அது. குறிப்பு மட்டும் போதாது, பல இடங்களில் அளவே இருக்காது. புளிக்குழம்புக்கு எவ்வளவு புளி என்று கேட்டால் பாட்டி 'கொஞ்சம்' என்பாரே, அதே கதை.

அதைவிடப் பெரிய சிக்கல், சில பொருட்கள் வழக்கிலிருந்தே போய்விட்டன. முர்ரியை எடுத்துக்கொள்ளுங்கள். உப்புச் சுவைக்காக ஏகப்பட்ட கறிகளில் விட்ட கறுப்புத் திரவம் அது. பார்லி மாவை வேகவைக்காமலே பிசைந்து, அத்தி இலையில் சுற்றி வாரக்கணக்கில் பூஞ்சை பிடிக்கவிட்டு, அப்புறம் இடித்து உப்பும் தண்ணீரும் கலந்து வெயிலில் ஊறவைப்பார்கள். படித்தால் குமட்டும்தான். ஆனால் உணவு வரலாற்றாளர் சார்லஸ் பெர்ரி வீட்டிலேயே செய்து பார்த்தார், சுவை கிட்டத்தட்ட சோயா சாஸ்! பூஞ்சை புரதத்தை உடைப்பதால் வரும் ருசி இரண்டிலும் ஒன்றுதான். அதனால் முர்ரி கிடைக்காதவர்கள் தாராளமாகச் சோயா சாஸே விடலாம்.

அப்புறம், அரபுச் சாப்பாடு என்றதும் ஷவர்மாவும் தக்காளிச் சட்னியும் நினைவுக்கு வந்தால், ஷவர்மா 19-ஆம் நூற்றாண்டு உஸ்மானியப் பாணியிலிருந்து வந்தது, தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு, அந்த பாக்தாத் சமையற்காரர்கள் இவற்றைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.