தோப்பை அடமானம் வைத்து சீட் வாங்காதீர்கள், ஐயா

பட்டுக்கோட்டைப் பக்கமிருந்து ஓர் அப்பா எழுதியிருந்தார். மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான், இயற்பியலிலும் கணக்கிலும் நல்ல மார்க். மாமாவும் பெரியப்பாவும் சேர்ந்து நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பேசி வைத்திருக்கிறார்கள், அதற்குத் தென்னந்தோப்பை அடமானம் வைக்க வேண்டும். பையனோ சித்தப்பா பட்டறையில் இரும்புத் தகட்டை வெட்டும் ஃபைபர் லேசர் மெஷினைப் பார்த்த நாளிலிருந்து லேசர் லேசர் என்றே திரிகிறான், ராத்திரி ஒரு மணிக்கு ரேண்டம் ஃபைபர் லேசர் பற்றி ஏதோ படித்துக்கொண்டிருக்கிறானாம்.

ஆறுதலாக நாலு வார்த்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். அடமானம் என்ற இடத்துக்கு வந்ததும் மனசு வரவில்லை. ஐயா, தோப்பில் கை வைக்காதீர்கள். அந்த இ.எம்.ஐ.யை மாமா கட்டப் போவதில்லை, பிடிக்காத படிப்பில் அரியர் வைத்துவிட்டுப் பையன் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்தால் பெரியப்பா வந்து பார்க்கப் போவதுமில்லை.

அவன் ராத்திரி படித்தது விளையாட்டுச் சமாசாரம் அல்ல. சாதாரண லேசரில், ஒளியைத் திருப்பி அனுப்பும் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒளி போய்ப்போய் வரும். 2010-ல் இங்கிலாந்தின் ஆஸ்டன் பல்கலைக்கழகத்தாரும் ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க் ஆய்வாளர்களும் சேர்ந்து, கண்ணாடியே வைக்காமல், ஒளியைக் கடத்தும் மெல்லிய இழையான தொலைத்தொடர்பு ஃபைபர் 83 கி.மீ. நீளத்தையே லேசராக்கிக் காட்டினார்கள், அதுதான் ரேண்டம் ஃபைபர் லேசர். ஃபைபருக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஏற்ற இறக்கங்களில் பட்டு ஒளி கொஞ்சூண்டு திரும்பி வருகிறது, அது ரேலி சிதறல். அந்தக் கொஞ்சத்தை வழியெல்லாம் பெருக்கிக் கொடுப்பது ராமன் விளைவு, நம் திருச்சியில் பிறந்த அதே ராமனுடையது.

இதிலிருந்து குறுந்துடிப்புகளை, அதாவது கணநேரமே மின்னி மறையும் ஒளியை, எடுப்பதில்தான் சிக்கல். கண்ணாடிகளுக்கு நடுவே உள்ள தூரம்தான் லேசருக்குத் தாளம் போடுகிறது, அந்தத் தாளத்தில் எல்லா அலைகளையும் சேர்த்துப் பிடித்தால் பிகோ விநாடி (விநாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு), அதற்கும் குறைவான துடிப்புகள் கிடைக்கும். இங்கே கண்ணாடியும் இல்லை, நிலையான தூரமும் இல்லை. வட்டமே கட்டாமல் கும்மி அடிக்கச் சொன்னால் எப்படி? அதனால் ஆய்வாளர்கள் மதகு வேலையில் இறங்கினார்கள். ஆற்றலைத் தேக்கி வைத்து ஒரே மூச்சில் திறந்துவிடுவது. ஒளி குறைவாக இருக்கும்போது விழுங்கிக்கொண்டு, மிகுந்தால் வழிவிடும் கிராஃபீன் (ஓர் அணு தடிமனே உள்ள கரித் தகடு) மாதிரிப் பொருட்களை மதகாக வைக்கலாம். ஃபைபருக்குள் ஒலி அலையால் நடக்கும் பிரில்லுவன் சிதறலே தானாக மதகைத் திறந்து நானோ விநாடி (விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) அளவுத் துடிப்புகளைத் தருவதும் உண்டு, ஆனால் அவை சொன்னபடி கேட்காது, இஷ்டத்துக்கு வரும். அதை ஒழுங்குக்குக் கொண்டுவர இன்னும் ஆள் வேண்டியிருக்கிறது.

இதற்குப் படிப்பு எங்கே என்றால், கொச்சி பல்கலைக்கழகத்தின் சர்வதேச ஃபோட்டானிக்ஸ் (ஒளித் தொழில்நுட்ப) பள்ளி. ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி., பிளஸ் டூ முடித்த கையோடு அவர்களுடைய நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம். இது ரயிலில் ஒரு ராத்திரி தூரத்தில் இருக்கிறது, நம் பக்கத்தில் பாதிப் பேருக்குப் பெயர்கூடத் தெரியாது. அப்புறம் கொல்கத்தாவில் மத்திய கண்ணாடி, பீங்கான் ஆய்வு நிறுவனம் இருக்கிறது, ஃபைபரை அங்கேயே இழுக்கிறார்கள். இந்தூரில் லேசர் ஆய்வு நடக்கும் ராஜா ராமண்ணா மையம், பெங்களூரில் இந்திய அறிவியல் கழகம். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி, ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி வாங்கிவிட்டால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, அதாவது பிஎச்.டி.க்கு நீங்கள் பணம் கட்டுவதில்லை, அவர்கள்தான் தருகிறார்கள்.

ஒன்றை மறைக்க மாட்டேன். மென்பொருள் அளவுக்கு இதில் வேலைகள் கொட்டிக் கிடக்கவில்லை, எம்.எஸ்சி.யோடு நிறுத்தினால் கை கட்டிப்போகும், மேலே படிக்கிற பொறுமை வேண்டும். அது தம்பியிடம் இருக்கிறதா என்று அவனைக் கேளுங்கள், மாமாவைக் கேட்காதீர்கள். ராமனும் 1907-ல் கல்கத்தாவில் அரசு நிதித்துறை உத்தியோகத்தில் சேர்ந்தவர்தான், 1917-ல் அதை விட்டுவிட்டுக் குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியராகப் போனார். நம் வீடுகளில் அன்றைக்கு விட்டிருப்போமா?

கல்லூரிக்காரர்களிடம் முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால், ரசீதை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமையே போய்த் திருப்பிக் கேளுங்கள். தம்பியையும் கூடவே கூட்டிப் போங்கள்.