கோப்பைப் பெயரால் தேடுதல்: கேள்வி பதில்

கேள்வி: விண்டோஸ் தேடல் நெடுநேரம் சுற்றுகிறது, எவ்ரிதிங் மென்பொருளோ தட்டச்சு செய்யும்போதே கோப்பைக் காட்டிவிடுகிறது. எப்படி?

பதில்: விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறைமை (வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறை) கொண்ட வட்டில் எல்லாக் கோப்புகளின் பெயர்களும் ஒரே முதன்மை அட்டவணையில் பதிவாகியிருக்கும். எவ்ரிதிங் அந்த அட்டவணையை நேரே படித்துத் தன் பட்டியலை அமைத்துக்கொண்டு, பின்னர் நேரும் மாற்றங்களை வட்டின் மாற்றப் பதிவேட்டிலிருந்து அறிந்துகொள்கிறது. விண்டோஸ் தேடல் இயல்பாகப் பயனரின் கோப்புறைகளை மட்டுமே அட்டவணைப்படுத்துவதால், அவற்றுக்கு வெளியே ஒவ்வொரு கோப்புறையாக நுழைந்து பார்க்கிறது. தேடல் முடிவில் தெரிவது நகலன்று. அங்கே அழித்தால் உண்மைக் கோப்பே போய்விடும்.

கேள்வி: லினக்ஸில் லொகேட் கட்டளை சற்றுமுன் உருவாக்கிய கோப்பைக் காட்டவில்லையே?

பதில்: அது வட்டைப் பார்ப்பதில்லை, பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் தரவுத்தளத்தைப் பார்க்கிறது. வட்டையே நேராகத் தேடும் ஃபைண்ட் கட்டளையைப் பயன்படுத்துங்கள். எந்த எழுத்துகளுக்கும் பொருந்தும் உடுக்குறியை (*) இட்டால் தேடுசொல்லை மேற்கோள் குறிக்குள் வையுங்கள்.

கேள்வி: கோப்பின் பெயரே மறந்துவிட்டது.

பதில்: மாற்றிய தேதியைக் கொண்டு வரிசைப்படுத்துங்கள்.

கேள்வி: பழைய மேக்கிலிருந்து லினக்ஸுக்கு நகலெடுத்த 'தொகுப்பு' என்ற கோப்பு கண்ணுக்குத் தெரிகிறது; ஃபைண்ட் கட்டளைக்கு அகப்படவில்லை.

பதில்: நல்ல கேள்வி. எழுத்துகளுக்கு எண் குறியீடு தரும் யூனிகோடு முறையில் 'தொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. விசைப்பலகையோ பெரும்பாலும் சேர்த்துத் தருகிறது. ஃபைண்ட் கட்டளை குறியீட்டுக்குக் குறியீடு ஒப்பிடுவதால் இரண்டையும் வேறு பெயர்களாகக் கொள்கிறது. 'ஓ', 'ஔ' ஆகியவற்றின் உயிர்க்குறிகளுக்கும் இதே நிலைதான். அக்குறிகள் இல்லாத துண்டைத் தேடுங்கள்: இருபுறமும் உடுக்குறியிட்டுக் 'குப்பு' என்றாலே கிடைத்துவிடும். கிடைத்த கையோடு 'பழைய நகல்' என்று எண்ணி அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: எதற்கு இத்தனை தொல்லை? பெயர்களை ஆங்கிலத்தில் வைத்தால் போதாதா?

பதில்: போதாது. பிரெஞ்சு மொழியின் குறியிட்ட எழுத்துகளுக்கும் இதே சிக்கல் உண்டு. அவர்கள் தங்கள் எழுத்தைக் கைவிடவில்லை.

கேள்வி: நீளமான தமிழ்ப் பெயர்களை லினக்ஸ் ஏற்க மறுக்கிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பதில்: அந்த வாதத்தில் நியாயம் உண்டு. லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமைகளில் பெயரின் எல்லை 255 பைட்டுகள். யூனிகோடு குறியீடுகளைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டுகளை எடுத்துக்கொள்வதால் 85 குறியீடுகளோடு இடம் தீர்ந்துவிடும். என்டிஎஃப்எஸ் முறையில் 255 குறியீடுகள் வரை கொள்ளும். ஆகவே பெயரைச் சுருக்குங்கள். மொழியை மாற்றத் தேவையில்லை.

கேள்வி: அழித்த கோப்பைப் பெயரால் தேடி மீட்கலாமா?

பதில்: அது தரவு மீட்பு, அத்துறை அறிந்தவரிடம் கேளுங்கள். அதுவரை அந்த வட்டில் எதையும் எழுதாதீர்கள்.

கேள்வி: ஐயா, கோப்புக்கு என்ன பெயர் வைத்தேன் என்று நினைவில்லை.

பதில்: மூன்றாவது கேள்வியைப் படியுங்கள்.