ஆறு நாளாகப் பிள்ளை கக்கா இருக்கவில்லை, தண்ணீர் பருக்கலாமா?

யாழ்ப்பாணம் கோண்டாவிலிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகனுக்கு இரண்டரை மாதம், தாய்ப்பால் மட்டும்தான். பிறந்த புதிதில் பால் குடிக்கக் குடிக்கக் கக்கா இருந்தவன், இப்போது ஆறு நாளாக இல்லை. முக்குகிறான், முகம் சிவக்கிறது, ஒன்றும் வரவில்லை. வெயில் கொளுத்துகிறது, கொதித்தாறின தண்ணீர் இரண்டு கரண்டி பருக்கு என்கிறார் மாமி. ஆசனவாயில் சவர்க்காரத் துண்டு வை என்கிறார் அம்மம்மா.

தங்கச்சி, முதலில் அந்தக் கரண்டியைக் கீழே வையுங்கள்.

ஒன்றரை மாதம் தாண்டிய தாய்ப்பால் பிள்ளை ஒரு கிழமை, சிலவேளை பத்து நாள்கூடக் கக்கா இருக்காமல் இருக்கும். பால் அவ்வளவு நன்றாகச் செமித்துவிடுகிறது, கழிக்க மிச்சமில்லை. மலச்சிக்கலா என்று அறிய நாங்கள் நாளை எண்ணுவதில்லை, வரும்போது எப்படி வருகிறது என்றுதான் பார்ப்போம். ஏழாம் நாள் மஞ்சளாக, களி மாதிரி, துணியும் தாண்டி முதுகுவரை வந்தால் அது மலச்சிக்கல் இல்லை. ஆட்டுப் புழுக்கை மாதிரி இறுகி வந்தால்தான் மலச்சிக்கல். ஆனால் மூன்று கிழமைப் பிள்ளைக்கு இந்தக் கணக்குச் சரிவராது, அந்த வயதில் கக்கா குறைந்தால் பால் போதுமா என்று உடனே பார்க்க வேண்டும்.

முக்குவதற்கும் பயப்படாதீர்கள். வயிற்றை அழுத்திக்கொண்டே கீழே தளர்த்த வேண்டும், இரண்டையும் ஒன்றாகச் செய்ய அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவுதான். காலை மடக்கி நீட்டி விடுங்கள். சவர்க்காரமும் வெற்றிலைக் காம்பும் வேண்டாம், சவர்க்காரம் உள்ளே புண்ணாக்கும்.

இனித் தண்ணீர். தாய்ப்பாலில் 87 வீதமளவில் தண்ணீர்தான், சித்திரை வெயிலுக்கும் அது போதும், கூடுதல் தடவை கொடுத்தால் சரி. தண்ணீரால் வயிறு நிரம்பினால் பால் குறையும். அளவு மிஞ்சினால் இரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்பு வரைக்கும் போகும். எங்கள் ஊரில் இன்னொரு காரணமும் இருக்கிறது. நிலம் சுண்ணாம்புக்கல், தோட்டத்துக்குப் போடும் யூரியாவும் மலசலகூடக் குழியில் ஊறுவதும் நைத்திரேற்றாகக் கிணற்றுக்குள் இறங்கிவிடும். வலிகாமத்துத் தோட்டப்பக்கக் கிணறுகள் பலவற்றில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருக்கிறது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்றுக்கு ஒன்றும் ஆகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். அது கூடினால் கைப்பிள்ளையின் இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் போய் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். பால்மா கரைக்கிற வீடுகள்தான் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும், கிணற்றுத் தண்ணீரை ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். (மாமியோடு சண்டை வேண்டாம். கிணற்றில்தான் பிழை என்று சொல்லிவிடுங்கள்.)

பால் போதுமா என்பதற்குக் கக்காவை விட்டுச் சலத்தை எண்ணுங்கள். 24 மணி நேரத்தில் ஆறு தடவையாவது போக வேண்டும். பம்பஸ் கட்டினால் எண்ண முடியாது, ஒரு நாளைக்குப் பழைய வேட்டித் துணி கட்டிப் பாருங்கள், நனைய நனைய மாற்றும்போது கணக்குத் தெரியும். அப்புறம் எடை. இந்த வயதில் கிழமைக்கு 150 முதல் 200 கிராம் கூடலாம். கிளினிக் பதிவேட்டில் கோடு ஏறிக்கொண்டு போனால் பயமில்லை, மட்டமாக நின்றால் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள்.

கிரைப் வாட்டர், ஓமத் தண்ணீர் இரண்டுமே தேவையில்லை. தேன் ஒரு வயதுவரை நாக்கில் தடவவும் கூடாது.

ஒன்றை நினைவுபடுத்திப் பாருங்கள். பிறந்து 48 மணி நேரத்துக்குள் கறுப்பு மலம் போனதா? பிந்தித்தான் போனதென்றால், இப்போது பிள்ளை நன்றாக இருந்தாலும் வைத்தியரிடம் அதைச் சொல்லுங்கள், குடலின் கடைசிப் பகுதியில் நரம்பு இல்லாத பிள்ளைகளுக்கு அப்படித்தான் தொடங்கும். பச்சையாகச் சத்தி எடுத்தால், வயிறு மேளம் மாதிரி ஊதி இறுகினால், மலத்தில் இரத்தம் கண்டால், பாலை மறுத்துச் சோர்ந்து கிடந்தால், காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தொட்டால், விடியட்டும் என்று பார்க்காமல் இரவோடு இரவாகப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். இவை ஒன்றும் இல்லை, பால் குடித்துவிட்டுச் சிரிக்கிறான் என்றால் இன்னும் நாலு நாள் பார்க்கலாம். பத்து நாளைத் தாண்டினால் கிளினிக் நாளில் தூக்கிக்கொண்டு வாருங்கள், மாற்றுத் துணி இரண்டு கையில் இருக்கட்டும், பல பிள்ளைகள் மேசையில் கிடத்தியதும்தான் போகும்.